மீன்தொட்டியும் நடுநிலை என்னும் மயக்கமும்

பெங்களூரிலோ புனேயிலோ ஹைதராபாத்திலோ ஒரு வண்ணமீன் கடைக்குச் சென்று, போன வாரம் வாங்கிய மீன்கள் செத்துப்போயின என்று முறையிட்டால், விற்பவரிடமிருந்து வரும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றே: பி.எச். பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்பவருக்குச் சோதனைத்தாள் விற்கப்படும். பார்த்தேன், எட்டுக்கு மேல் இருந்தது என்பவருக்கு அதைக் குறைக்கும் திரவப் புட்டி விற்கப்படும். இரண்டு மூன்று வாரங்களில் அதே மனிதர் மீண்டும் வருவார். இம்முறை புதிய மீன்கள் வாங்க. புட்டியும் தீர்ந்திருக்கும்.

இதில் கடைக்காரரை மட்டும் குறைசொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. அவர் விற்பது வாங்குபவரின் தலைக்குள் முன்பே குடியேறிவிட்ட ஒரு நம்பிக்கையை. ஏழு நல்ல எண், எட்டு கெட்ட எண், ஆறு இன்னும் கெட்ட எண் என்ற அந்த நம்பிக்கை கடையில் பிறந்ததன்று, வகுப்பறையில் பிறந்தது. வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர் வீட்டுத் தொட்டியிலும் அந்தப் புட்டி இருக்கிறது. ஆகவே இந்த வழக்கில் கல்விப்புலமும் எதிர்வாதியாக நிற்கவேண்டும்.

வழக்கு இதுதான். வீட்டு நன்னீர்த் தொட்டியில் பி.எச். எண்ணைக் குறிவைத்து மருந்து ஊற்றித் திருத்துவது, பெரும்பாலான வேளைகளில், மீன்களுக்குச் செய்யும் தீங்கு. பி.எச். ஒரு விளைவு. அதை ஆள்பவை நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டும் கார்பன் டை ஆக்சைடும். ஆள்வதை அளக்காமல் ஆளப்படுவதை மட்டும் அளப்பதும், அளந்த கையோடு அதைத் திருத்த முனைவதும் அறிவியல் வேடமிட்ட அறியாமை.

முதலில் சொல்லைப் பார்க்கலாம். தமிழ்ப் பாடநூல்கள் அமிலமும் அல்லாத காரமும் அல்லாத நிலையை 'நடுநிலை' என்கின்றன. கலைச்சொல் என்ற அளவில் குற்றமில்லை. ஆனால் தமிழில் நடுநிலை வெறும் இடக்குறிப்பன்று. அது ஓர் அறம். திருக்குறள் அதற்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறது. ஒரு மாணவர் நடுநிலைக் கரைசல் என்று படிக்கும்போது ஏழு என்ற எண்ணின்மேல் அவர் அறியாமலேயே ஓர் ஒழுக்க ஒளி படிந்துவிடுகிறது. ஏழிலிருந்து விலகிய நீர் ஏதோ நெறிதவறிய நீராகத் தோன்றுகிறது.

இன்னொரு சொல் இன்னும் மோசமாகக் குழப்புகிறது. பி.எச். ஏழுக்கு மேலிருப்பதையும் காரத்தன்மை என்கிறோம். அமிலத்தை ஏற்றுச் செரிக்கும் ஆற்றல் நீரில் எவ்வளவு இருக்கிறது என்பதையும் காரத்தன்மை என்கிறோம். முன்னது ஒரு நிலை, பின்னது ஓர் இருப்பு. ஒருவர் இந்தக் கணத்தில் நின்றுகொண்டிருக்கிறாரா உட்கார்ந்திருக்கிறாரா என்பதற்கும், அவர் வீட்டுக் குதிரில் எத்தனை மூட்டை நெல் இருக்கிறது என்பதற்கும் உள்ள வேறுபாடு அது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டு, நீரின் காரத்தன்மையைக் குறையுங்கள் என்று அறிவுரை சொன்னால் கேட்பவர் எதைக் குறைப்பார்? மீன் வளர்ப்போர் பேச்சு வழக்கில் அந்த இருப்புக்குக் கே.எச். என்று பெயர், கார்பனேட் கடினத்தன்மை என்பதன் சுருக்கம். அதில் ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு ஏறத்தாழ 18 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு நிகர். குழப்பம் தவிர்க்க இனி இங்கே கே.எச். என்றே குறிக்கப்படும்.

பி.எச். அளவுகோலை 1909-இல் வகுத்தவர் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் பணியாற்றிய சோரன்சன். ஹைட்ரஜன் அயனிச் செறிவை மடக்கையில் சொல்லும் வசதியான குறியீடு அது. ஓர் அலகு மாற்றம் பத்து மடங்கு மாற்றம். ஏழு என்பதற்கு அதில் தெய்வீகம் ஏதுமில்லை. தூய நீரின் நடுநிலைப் புள்ளி 25 பாகை செல்சியசில் மட்டுமே 7. 30 பாகையில் ஏறத்தாழ 6.9, மனித உடல் வெப்பத்தில் 6.8. இந்தியக் கோடையில் தொட்டி நீரின் வெப்பம் 30 பாகையில் நிற்கும்போது, ஏழைக் காட்டும் நீர் இலக்கணப்படி நடுநிலைகூட அன்று.

மருத்துவம் பயின்றவர்களுக்கு இந்த வாதம் புதிதாக இருக்கவேண்டியதில்லை. தமனி இரத்த வாயுச் சோதனை அறிக்கையில் பி.எச். மட்டும் அச்சிடப்பட்டு வந்தால் எந்த மருத்துவரும் அதை ஏற்கமாட்டார். பைகார்பனேட் எங்கே, கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் எங்கே என்று கேட்பார். பி.எச். 7.36 என்று இயல்பு வரம்புக்குள் இருக்கலாம். ஆனால் 24 இருக்கவேண்டிய பைகார்பனேட் 16-க்கு இறங்கியிருந்தால், நோயாளியின் உடல் மூச்சுவாங்கி மூச்சுவாங்கி அந்த எண்ணைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். 1908-இல் ஹெண்டர்சன் எழுதி, பின்னர் ஹாசல்பால்க் மடக்கை வடிவம் தந்த சமன்பாடு இந்த மூன்றையும் கட்டிவைத்திருக்கிறது. மீன்தொட்டியிலும் அதே சமன்பாடுதான். மருத்துவமனையில் மூன்று எண்களைக் கேட்கும் அதே மனிதர் வீட்டுக்கு வந்து தொட்டியின் முன் அமர்ந்ததும் ஒரே எண்ணோடு நிறைவடைந்துவிடுகிறார்.

அந்தச் சமன்பாட்டைத் தொட்டிக்கு இறக்கினால் கிடைக்கும் எளிய வடிவம்: கார்பன் டை ஆக்சைடு, லிட்டருக்கு மில்லிகிராமில், ஏறத்தாழ மூன்று பெருக்கல் கே.எச். பெருக்கல் பத்தின் அடுக்கு, ஏழு கழித்தல் பி.எச். இதைக் கையில் வைத்துக்கொண்டு புட்டியின் வேலையைப் பார்க்கலாம்.

ஆழ்துளைக் கிணற்று நீர் நிரம்பிய ஒரு தொட்டி. கே.எச். 12, பி.எச். 8.2. கணக்குப்படி அதில் கரைந்துள்ள கார்பன் டை ஆக்சைடு லிட்டருக்கு இரண்டேகால் மில்லிகிராம். காற்றோடு ஏறக்குறைய சமனடைந்த, சாதாரணமான நிலை. தொட்டிக்கு உரியவர் புட்டியிலிருந்து சோடியம் பைசல்பேட் போன்ற ஓர் அமிலத்தை ஊற்றுகிறார். அது பைகார்பனேட்டில் ஒரு டிகிரியை மட்டும் அழிக்கிறது என்று கொள்ளலாம். அழிந்த பைகார்பனேட் கார்பன் டை ஆக்சைடாக மாறும்; ஒரு டிகிரிக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 16 மில்லிகிராம். நீரில் அந்த வாயு திடீரென 18 மில்லிகிராமாக உயர, பி.எச். 7.3-க்கு இறங்குகிறது. மாலையில் சோதனைத்தாளைப் பார்த்தவருக்கு மகிழ்ச்சி. இரவெல்லாம் காற்றுக்குமிழி ஓடுகிறது. மிகுதி வாயு வெளியேறுகிறது. காலையில் பி.எச். 8.16.

புட்டி வேலை செய்யவில்லை, அல்லது போதவில்லை என்று அவர் முடிவுசெய்கிறார். உண்மையில் நடந்தது வேறு. எண் மீண்டு வந்துவிட்டது, கே.எச். மீளவில்லை. அது இப்போது 11. மறுநாளும் ஊற்றுகிறார், 10. இப்படியே ஆறு ஏழு நாள் சென்று கே.எச். 5 ஆகும்போது காலை எண் 7.8-ஐத் தொடுகிறது. விடாமுயற்சி பலன் தருகிறது என்று தோன்றும் கட்டம் இது. கே.எச். ஒன்றுக்கு இறங்கிய காலையில் சோதனைத்தாள் 7.1 காட்டும். வெற்றி! கைப்பேசியில் படம் எடுத்துக் குழுவில் பகிரத் தகுந்த எண். அந்த எண்ணைத் தாங்கிக்கொண்டிருப்பது கடைசி ஒரு டிகிரி பைகார்பனேட். அடுத்த மூடி அமிலம், அல்லது அதுவும் வேண்டாம், அடுத்த சில நாள்களின் மீன்கழிவு, அந்த ஒரு டிகிரியையும் தின்றுவிடும். அதன்பின் ஏழில் நிற்க எதுவும் இல்லை. பி.எச். ஐந்துக்கும் கீழே விழும்.

அதாவது, அவர் குறிவைத்த எண் கைகூடிய நாள்தான் தொட்டி மிகவும் ஆபத்தான நிலையை அடைந்த நாள். இந்தப் பன்னிரண்டு நாளும் மீன்கள் அனுபவித்தது என்ன? மாலைதோறும் நீரில் வாயு எட்டு மடங்கு, காலைதோறும் இறக்கம், நாள்தோறும் நீரில் கூடிக்கொண்டே போகும் சல்பேட்டும் சோடியமும். இது சிகிச்சை என்றால் நோய் எது?

மீன்கழிவு பைகார்பனேட்டை எப்படித் தின்னும் என்று கேட்கலாம். மீன் வெளியேற்றும் அம்மோனியாவை வடிகட்டியில் வாழும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அந்த வினையில் அமிலம் பிறக்கிறது. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் மாற்றம் பெற ஏறத்தாழ 7 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு நிகரான இருப்பு செலவாகிறது. எந்தத் தொட்டியும், எவரும் எதையும் ஊற்றாவிட்டாலும், மெல்ல மெல்ல அமிலத்தை நோக்கியே நகர்கிறது. வாரந்தோறும் மாற்றும் புதுநீர் அந்த இருப்பை மீண்டும் நிரப்புகிறது. குறைப்பான் புட்டி என்பது, தானே காலியாகிக்கொண்டிருக்கும் குதிரில் கூடுதலாக ஓர் ஓட்டை.

இனி, மீன்கள் உண்மையில் சாகும் இடம். கே.எச். தீர்ந்து பி.எச். ஆறுக்கு இறங்கிய தொட்டியில் அந்த நுண்ணுயிர்களின் வேலை தளர்ந்துவிடும். அம்மோனியா சேரத் தொடங்கும். ஆனால் மீன்கள் உடனே சாவதில்லை. அந்த அமில நீரில் அம்மோனியா ஏறக்குறைய முழுவதும் அம்மோனியம் அயனியாக, பெரிதும் தீங்கற்ற வடிவில் இருக்கும். மொத்தம் லிட்டருக்கு 4 மில்லிகிராம் இருந்தாலும், 25 பாகையில் நச்சு வடிவம் 0.002 மில்லிகிராம்தான். மீன்கள் சோர்ந்திருக்கின்றன என்று கண்ட உரிமையாளர் நல்லெண்ணத்தோடு பாதி நீரை மாற்றுகிறார். புதுநீர் எட்டுக்கு மேற்பட்டது. தொட்டியின் பி.எச். எட்டை நெருங்குகிறது. மொத்த அம்மோனியா பாதியாகக் குறைந்து 2 மில்லிகிராம் ஆனது உண்மை. ஆனால் எட்டில் அதன் நச்சுப் பங்கு ஐந்து விழுக்காட்டுக்கு மேல். 0.002 இருந்த இடத்தில் இப்போது 0.1 மில்லிகிராம், ஏறத்தாழ ஐம்பது மடங்கு. ஒரு மணிநேரத்தில் மீன்கள் மேற்பரப்பில் வாய்பிளக்கும். செவுள்கள் சிவந்து கருகும்.

மறுநாள் கடையில் தீர்ப்பு வழங்கப்படும்: திடீரென நீர் மாற்றியதால் பி.எச். அதிர்ச்சி. அந்தத் தீர்ப்பைக் கேட்டவர் அடுத்த தொட்டியில் நீர் மாற்றவே அஞ்சுவார். நீர் மாற்றாத தொட்டியில் கே.எச். இன்னும் விரைவாகத் தீரும். தவறான நோயறிதல் தானே தன் சான்றுகளை உற்பத்தி செய்துகொள்ளும் முறைக்கு இதைவிட நல்ல பாடம் அறிவியல் மெய்யியல் வகுப்பிலும் கிடைக்காது.

பி.எச். ஊசலாட்டம் மீனைக் கொல்லும் என்பது ஆர்வலர்களிடையே வேதவாக்கு. அதையும் சோதித்துப் பார்க்கவேண்டும். நீர்த்தாவரத் தொட்டிகளில் கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்துவோர் நாள்தோறும் காலையில் பி.எச்.-ஐ ஓர் அலகு இறக்கி இரவில் ஏறவிடுகிறார்கள். அளவு மீறாதவரை டெட்ரா மீன்கள் அதில் ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றன. பாசி செழித்த எந்தக் குளத்திலும் விடியற்காலைக்கும் பிற்பகலுக்கும் இடையே பி.எச். ஓர் அலகோ அதற்கு மேலோ ஏறி இறங்குவது இயல்பு. பகலில் ஒளிச்சேர்க்கை வாயுவை உறிஞ்சுகிறது, இரவில் சுவாசம் அதைத் திருப்பித் தருகிறது. எண்ணின் அசைவே கொலையாளி என்றால் அந்தக் குளத்தில் மீனே இருக்கக்கூடாது. இந்த ஊசலாட்டங்களில் மாறுவது வாயு மட்டும். கரைந்த உப்புகள் அப்படியே இருக்கின்றன. கடைத்தொட்டியிலிருந்து வீட்டுத்தொட்டிக்கு மீனை மாற்றும்போது பி.எச். மட்டுமா மாறுகிறது? மொத்தக் கரைதிண்மமும் மாறுகிறது. மீனின் உடல் சவ்வூடு பரவலைச் சமாளிக்க நாள்கணக்கில் பாடுபடவேண்டியிருக்கிறது. பையில் சேர்ந்திருந்த அம்மோனியாவும் வேறு. இத்தனை பேர் கூடிச் செய்த குற்றத்தைச் சோதனைத்தாளில் நிறம் காட்டிய ஒருவர் தலையில் கட்டுவதே பி.எச். அதிர்ச்சி என்னும் தீர்ப்பு.

பி.எச். ஒரு பொருட்டே அன்று என்பதில்லை. ஐந்துக்குக் கீழும் ஒன்பதரைக்கு மேலும் பெரும்பாலான வளர்ப்பு மீன்கள் துன்புறும்; அம்மோனியாவின் நஞ்சு அதைப் பொறுத்தது என்பது மேலேயே சொல்லப்பட்டது. அளப்பதில் தவறில்லை. அளந்ததைத் தனியே எடுத்துத் திருத்துவதில்தான் தவறு.

இயற்கை வாழிடத்தைப் பின்பற்றுகிறோம் என்ற வாதம் இவற்றினும் நாகரிகமானது. ரியோ நீக்ரோ ஆற்றின் நீர் பி.எச். நான்குக்கும் ஐந்துக்கும் இடையே இருப்பது உண்மை. ஆனால் அந்த ஆற்றின் இயல்பு நான்கு என்ற எண்ணில் இல்லை. அந்நீரில் தாது உப்புகள் ஏறக்குறைய இல்லவே இல்லை. இலையும் மரமும் மக்கிய கரிம அமிலங்கள் மட்டும் தேநீர் நிறத்தில் கரைந்திருக்கின்றன. உப்பே இல்லாத நீர் என்பதால் சிறிதளவு அமிலமும் அதை அவ்வளவு இறக்குகிறது. பெங்களூருப் புறநகரின் போர்வெல் நீரில் அமிலம் ஊற்றி எண்ணை ஆறரைக்கு இழுத்தால் கிடைப்பது ரியோ நீக்ரோ அன்று. முன்னிலும் உப்பு மிகுந்த போர்வெல் நீர். அமேசானுக்கு நேர் எதிர்த்திசையில் ஓடிக்கொண்டே அமேசானை நெருங்குவதாக நம்புவது இது. ஊறப்போடும் நாட்டு வாதுமை இலைகளும் கே.எச். பன்னிரண்டு உள்ள நீரில் எண்ணை அசைப்பதில்லை. நீரின் நிறத்தை மாற்றும், மீன்களுக்கு நிழலும் தரும். அந்த அளவில் நல்லவை.

மேலும், இந்தியக் கடைகளில் விற்கும் நியான் டெட்ராவும் ஏஞ்சலும் பெரும்பாலும் பண்ணையில் பல தலைமுறையாகப் பிறந்தவை. அவை அமேசானைக் கண்டதில்லை. பண்ணைத் தொட்டியின் நீரைக் கண்டவை. வளர்ப்பதற்கு அந்த நீரே போதும். முட்டையிடச் செய்வது வேறு கதை. அங்கே மென்னீர் உண்மையாகவே வேண்டும். காட்டோடையிலிருந்து பிடித்து விற்கப்படும் மீன்களின் கதை கொடியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரள, கர்நாடக ஓடைகளுக்கே உரிய மிஸ் கேரளா மீன், பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ள இனமாக இடம்பெற்றிருக்கிறது. அது வாழ்ந்தது உயிர்வளி நிறைந்து ஓடும், தாது குறைந்த மலைநீரில். அதை வாங்கியவர் ஓட்டத்தைப் பற்றியோ உயிர்வளியைப் பற்றியோ கேட்பதில்லை, பி.எச். எவ்வளவு என்றுதான் கேட்கிறார். ஒவ்வொரு தொட்டியின் தோல்வியும் அடுத்த மீனுக்கான தேவை. அந்தத் தேவையின் கணக்கை ஓடை தீர்க்கிறது.

இந்திய நகரங்களின் நீர்வழங்கல் இந்த மூடநம்பிக்கையை இன்னும் கூர்மையாக்குகிறது. பெங்களூரில் ஒரே வீட்டுக் குழாயில் ஒரு நாள் காவிரி நீர், மறுநாள் ஆழ்துளைக் கிணற்று நீர், மூன்றாம் நாள் எங்கிருந்து வந்தது என்று எவரும் அறியாத டேங்கர் நீர். 2024 மார்ச் மாத நீர்ப்பஞ்சத்தில் காவிரியை மட்டுமே கண்டிருந்த பல வீடுகளுக்கும் டேங்கர்தான் கதி. இந்நீர்கள் மூன்றுமே சோதனைத்தாளில் ஏழரைக்கும் எட்டுக்கும் இடையே ஒன்றுபோலத் தோன்றக்கூடும். கே.எச். மட்டும் பார்த்தால் தெரியும், ஒன்று மற்றொன்றைப் போல இருமடங்கோ மும்மடங்கோ கனத்தது என்று. குடிநீருக்கான இந்தியத் தர வரையறையான ஐ.எஸ். 10500 இதைத் தெளிவாகவே காட்டுகிறது. பி.எச். 6.5 முதல் 8.5 வரை இருக்கலாம். காரத்தன்மையோ, அதாவது இங்கே கே.எச். எனப்படும் அந்த இருப்பு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லையெனில் 600 வரை அனுமதிக்கத்தக்கது. டிகிரிக் கணக்கில் அது 11-இலிருந்து 33-க்கு மேல். இத்தனை பெரிய வேறுபாட்டைத் தன் ஒற்றை எண்ணுக்குள் மறைத்துவைத்துக்கொள்ளும் ஓர் அளவையைத்தான் ஆர்வலர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

போர்வெல் நீரில் இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. நிலத்தடியில் அழுத்தத்தில் இருந்த அந்நீரில் கார்பன் டை ஆக்சைடு மிகுந்திருக்கும். இறைத்த உடன் அளந்தால் ஏழு காட்டலாம். ஓர் இரவு திறந்த வாளியில் காற்றோட்டமாக வைத்திருந்து அளந்தால் எட்டைத் தாண்டலாம். குழாயடியில் ஏழு, தொட்டியில் எட்டு என்று கண்டவர் தொட்டியில் ஏதோ கோளாறு என்று கல்லையும் மணலையும் ஐயுறுகிறார். கல்லும் மணலும் நிரபராதிகள், ஓடிப்போனது வாயு.

சமையலறையில் ஆர்.ஓ. கருவி இருப்பதால் அதன் நீரை அப்படியே தொட்டியில் ஊற்றுவோர் எதிர் முனையில் விழுகிறார்கள். அந்நீரில் கே.எச். ஏறக்குறைய சுழி. கையடக்கப் பி.எச். கருவி அதில் நிலைகொள்ளாமல் அலையும். அயனியே இல்லாத நீரில் மின்முனைக்கு எதைப் பிடித்து நிற்பது? அன்று மாலை ஆறரை, மறுநாள் ஏழு என்று காட்டும்.  அது எதிர்ப்பே இல்லாத நீர். கையில் அகப்பட்ட முதல் அமிலத்துக்கு அது பணிந்துவிடும். அந்நீரில் மீன் வளர்க்க வேண்டுமெனில் இருப்பைத் திரும்ப ஊட்டவேண்டும். 100 லிட்டருக்கு 3 கிராம் சமையல் சோடா ஒரு டிகிரி ஏற்றும். வடிகட்டியில் ஒரு சிறு பை கிளிஞ்சல் மெல்லக் கரைந்து அதே வேலையைச் செய்யும். அல்லது குழாய்நீரைப் பாதிக்குப் பாதி கலந்தாலே போதும். மூன்றும் மலிவானவை, மூன்றுக்கும் விளம்பரம் கிடையாது.

கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்கள் 2002-இல் ராம்சார் தகுதி பெற்றவை. அங்கே நகரின் கழிவுநீரைக் கொண்டே ரோகும் கட்லாவும் வளர்க்கப்படுகின்றன. அங்கும் ஆந்திரத்தின் கெண்டை வளர்ப்புக் குளங்களிலும் குளத்துக்குச் சுண்ணாம்பு இடுவது வழக்கம். சுண்ணாம்பு இடும் விவசாயி ஏழு என்ற எண்ணைத் தேடி இடுவதில்லை. குளத்துக்குத் தாக்குப்பிடிக்கும் திறன் வேண்டும் என்பதற்காக இடுகிறார். பல்கலைக்கழக வளாகத்து மீன்தொட்டி அந்த அறிவை இன்னும் எட்டவில்லை.

எட்டாததற்குத் தொலைவு காரணமன்று. உயிரியல் ஆய்வு நிறுவனங்களின் வரிக்குதிரை மீன் கூடங்களைப் பார்த்தால் போதும். ஃபிரான்சிஸ் ஹாமில்டன் 1822-இல் கங்கை மீன்களைப் பற்றிய நூலில் விவரித்த அந்தச் சிறுமீன் இன்று உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்கிறது. அக்கூடங்களில் பொதுவான நடைமுறை என்ன? ஆர்.ஓ. நீரை எடுத்து, கடலுப்பு சேர்த்துக் கடத்துதிறனை நிலைநிறுத்தி, சோடியம் பைகார்பனேட் ஊட்டி இருப்பைக் காக்கிறார்கள். பி.எச். அதைத் தொடர்ந்து தன் இடத்தில் வந்து அமர்கிறது. கீழ்த்தளத்தில் இந்த அறிவோடு ஆயிரக்கணக்கான மீன்கள் நலமாக இருக்கும்போது, மேல்தளத்து அறையில் ஒரு பேராசிரியரின் மேசைத் தொட்டியில் புட்டி மருந்து சொட்டிக்கொண்டிருக்கும். ஆய்வுத்தாளுக்கு ஓர் அறிவியல், வரவேற்பறைக்கு ஓர் அறிவியல்.

தொடக்கநிலையினருக்கு கே.எச். எல்லாம் கடினம், பி.எச். என்றால் நிறத்தைப் பார்த்தாலே போதும் என்பதுதான் கடைசியாக முன்வைக்கப்படும் வாதம். சோதனைத்தாளின் வெளிர்பச்சைக்கும் இளம்பச்சைக்கும் நடுவே விளக்கொளியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு 7.2 ஆ 7.6 ஆ என்று ஊகிப்பது எளிதாம். கே.எச். சோதனையில் ஐந்து மில்லிலிட்டர் நீரை எடுத்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாக வினைபொருளை விட்டு, நீலம் மஞ்சளாக மாறும்வரை எண்ணவேண்டும். பெரும்பாலான சோதனைப் பெட்டிகளில் ஒரு சொட்டு ஒரு டிகிரி. எட்டுச் சொட்டு என்றால் எட்டு. நிறத்தின் சாயலை மதிப்பிட வேண்டியதே இல்லை. மாறியதா இல்லையா என்பதே கேள்வி. மேல்நிலைப் பள்ளி ஆய்வகத்தில் பியூரெட்டைப் பிடித்து, மெத்தில் ஆரஞ்சு நிறம் மாறும் கணத்துக்காக மூச்சைப் பிடித்து நின்ற ஒவ்வொரு மாணவரும் செய்த அதே தரம்பார்த்தல் இது. அதற்கு அன்று மதிப்பெண் இருந்தது. நான்கு அல்லது ஐந்து சொட்டுக்கு மேல் சென்றால் புட்டியைத் தொடவேண்டாம். இரண்டு சொட்டிலேயே மாறிவிட்டால் கிளிஞ்சல் போடவேண்டும். போன வாரம் பத்தும் இந்த வாரம் இருபதும் வந்தால் டேங்கர் மாறியிருக்கிறது, நீரைச் சிறிது சிறிதாக மாற்றவேண்டும்.